முன்சக்கரக் காருக்கு எந்த டிஃபரன்ஷியல்?

சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கிற நேரத்தில் என்னிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் பற்றியவை. கோர்படி டீசல் ஷெட்டில் முப்பத்தைந்து வருஷம் எஞ்சின் பழுது பார்த்தவனுக்கும் ரிசர்வேஷனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனால் சென்ற கூட்டத்தில் நண்பர் ஒருவர் கேட்டது எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. அவருடைய மகன் ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கிறான். சொந்தச் சம்பாத்தியத்தில் செகண்ட் ஹாண்டாக ஒரு போலோ வாங்கி, எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுத வைத்து, நூற்றைம்பது குதிரைசக்திக்குக் கொண்டு வந்திருக்கிறான். இப்போது அதற்கு எல்.எஸ்.டி. போட வேண்டுமாம். ஒர்க்‌ஷாப்பில் இரண்டரை லட்சம் கேட்கிறார்களாம். "தை மாசம் இவன் தங்கைக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன் சார். இது அவசியமா, ஆடம்பரமா? நீங்க பல்சக்கரத்தோடயே வாழ்ந்தவர், சொல்லுங்க" என்றார். எல்.எஸ்.டி. என்ற சொல் காதில் விழுந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் முகம் வெளிறிப் போனார். போதை மருந்து இல்லை அம்மா, இது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்று அவரை முதலில் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதித் தருவதாகச் சொன்னேன். நம் சங்கத்துப் பிள்ளைகளில் இன்னும் நாலைந்து பேருக்கு இந்தக் கார்ப் பித்து இருப்பதாகக் கேள்வி. பெற்றோரும் படிக்கட்டும் என்று அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கார் ஒரு தெருமுனையில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதற்குக் கணக்கு சுலபம். போலோ மாதிரி ஒரு காரில் இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 1.46 மீட்டர். 90 டிகிரி திரும்பினால் வெளிச்சக்கரம் சுமார் 2.3 மீட்டர் கூடுதலாக ஓடும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த 2.3 மீட்டர் மாறாது. ஜியாமெட்ரி படித்த பிள்ளைகள் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் இந்த வித்தியாசத்துக்கு இடம் இல்லை. ஏதாவது ஒரு டயர் தேய்ந்துகொண்டேதான் திரும்ப வேண்டும். ரயிலில் அப்படித்தான் இறுக்கியிருக்கிறோம், அது எப்படித் திரும்புகிறது என்று நீங்கள் கேட்கலாம். ரயில் சக்கரத்தின் தடம் தட்டையானது இல்லை. இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் லேசான கூம்பு மாதிரி கடையப்பட்டிருக்கும். வளைவில் சக்கர ஜோடி வெளிப்பக்கமாகச் சற்று நகரும். அப்போது வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருளும். பல்சக்கரமே இல்லாத டிஃபரன்ஷியல் என்று அதைச் சொல்லலாம். கடுமையான வளைவில் அதுவும் போதாமல் போகும். காட் செக்‌ஷனில் ஃபிளாஞ்ச் ரயிலில் உரசிக் கீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள்.

ரப்பர் டயருக்குக் கூம்பு வழி உதவாது. ஆகவே 1828-ல் பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காகப் பதிவு செய்த பல்சக்கர அமைப்பைத்தான் இன்று வரை கார்களில் வைத்திருக்கிறோம். இரண்டு டிரைவ் ஷாஃப்டின் முனையிலும் ஒவ்வொரு கூம்புப் பல்சக்கரம், இரண்டுக்கும் நடுவே குட்டிப் பல்சக்கரங்கள். அந்தக் குட்டிச் சக்கரத்தைத் தராசுக் கோலாக நினைத்துக்கொள்ளுங்கள். கோலை நடுவில் பிடித்துத் தூக்கினால் இரண்டு தட்டுக்கும் சமமான விசைதான் போகும். ஒரு தட்டு ஏறலாம், மற்றது இறங்கலாம், ஆனால் விசை சமம். சாதாரண டிஃபரன்ஷியலின் குணமும் குறையும் இதுதான். வேகத்தை இஷ்டம்போல் பிரித்துக்கொள்ள விடும். முறுக்கு விசையை மட்டும் எப்போதும் சரிபாதியாகத்தான் கொடுக்கும்.

ஒரு சக்கரம் சேற்றில் நின்றால் அதன் பிடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். உலர்ந்த தார் ரோட்டில் நிற்கிற சக்கரம் சும்மா நிற்க, சேற்றுச் சக்கரம் பம்பரமாகச் சுற்றும். மழைக்காலத்தில் லோணாவ்ளா பக்கம் ரோட்டை விட்டு இறங்கிய காரில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

இதே நோயை நான் ரயில்வேயில் வேறு உருவத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஷெட்டில் இருந்த டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினுக்கு ஆறு அச்சு, ஆறு டிராக்‌ஷன் மோட்டார். வண்டி கிளம்பும்போது அந்த மோட்டார்கள் இரண்டிரண்டாக சீரீஸில் இருக்கும். சீரீஸ் என்றால் இரண்டிலும் ஒரே கரண்ட். கரண்ட் எவ்வளவோ அதற்கேற்பத்தான் இழுவை. புனே-மிரஜ் பாதையில் அப்போது டீசல்தான். ஷிந்தவனே காட்டில் ஜூலை மாதத்து ஈர ரயிலில் ஒரு அச்சு வழுக்கியது என்றால் அந்த மோட்டார் வேகமாகச் சுற்றி வோல்ட்டேஜைத் தானே விழுங்கிவிடும். ஜோடியில் இருக்கிற மோட்டாருக்கும் கரண்ட் குறைந்துவிடும். நல்ல பிடிப்பில் இருக்கிற அச்சும் வழுக்குகிற அச்சுக்குச் சமமாகச் சோர்ந்துபோகும். காரின் டிஃபரன்ஷியலில் பல்சக்கரம் செய்வதை இங்கே மின்சாரம் செய்கிறது. அதற்காகத்தான் வீல் ஸ்லிப் ரிலே வைத்திருந்தோம். அது வழுக்கலைக் கண்டுபிடித்து எஞ்சின் பளுவைக் குறைக்கும். டிரைவர் மணலைத் தூவுவார். ரிலேயின் பாயிண்ட் சுத்தமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது, ரயிலின் தலையில் பள்ளம் விழ நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி முன்சக்கர இயக்கக் காருக்கு வருவோம். இதில் எஞ்சின் இழுப்பதும் முன்சக்கரம், திருப்புவதும் முன்சக்கரம். ஒரே டயரிடம் இரண்டு வேலை. தவிர, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்கிறது. வளைவில் திரும்பினால் பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது. உள்பக்க முன்சக்கரம் இரண்டு வகையிலும் இளைக்கிறது. அந்தப் பலவீனமான சக்கரத்தின் அளவுக்குத்தான் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் விசை கொடுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளைவை விட்டு வெளியே வரும்போது வெளிச்சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம், உள்சக்கரத்தின் மேல் 200 கிலோ என்று வையுங்கள். திரும்புவதற்குச் செலவானது போக, இழுப்பதற்கு மிஞ்சுகிற பிடிப்பு வெளிச்சக்கரத்தில் 300, உள்சக்கரத்தில் 120 கிலோ விசை என்று கொள்வோம். சாதாரண டிஃபரன்ஷியலில் 120-ம் 120-ம் சேர்ந்து 240 தான் ரோட்டுக்குப் போகும். அதற்கு மேல் மிதித்தால் உள்சக்கரம் புகைகிறது. வெளிச்சக்கரத்தில் 180 கிலோ பிடிப்பு வீணாகக் கிடக்கிறது. அந்த 180-ஐ எப்படி மீட்பது என்பதுதான் எல்.எஸ்.டி. வியாபாரம் முழுவதும்.

மீட்பதற்கு நாலு வழிகள் இருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் நண்பர் மகனுக்கும் ஒர்க்‌ஷாப்காரருக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம்.

பழைய வழி பிளேட் வகை. டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் ஸ்கூட்டர் கிளட்ச் மாதிரி வட்டத் தகடுகள் வரிசையாக இருக்கும். முறுக்கு விசை வரும்போது, குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் குறுக்குத் தண்டு இரண்டு சரிவான பள்ளங்களில் ஏறி, தகடுகளை நெருக்கி இறுக்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பள்ளத்தின் சரிவுக்கோணத்தை மாற்றினால் பூட்டின் பலம் மாறும். வழக்கமாக 30 டிகிரி என்றால் பலமான பூட்டு, 60 டிகிரி என்றால் மென்மை. மிதிக்கும்போது மட்டும் பூட்டுவதை ஒன்-வே என்றும், மிதித்தாலும் விட்டாலும் ஒரே அளவு பூட்டுவதை டூ-வே என்றும், விடும்போது பாதிப் பலத்தில் பூட்டுவதை ஒன்றரை-வே என்றும் கடைக்காரர்கள் சொல்வார்கள். இது தவிர, விசை ஒன்றும் வராதபோதே ஸ்பிரிங் கொண்டு தகடுகளை நெருக்கி வைப்பதும் உண்டு. அதன் பெயர் பிரீலோட்.

இந்த பிரீலோட் விஷயத்தில்தான் முன்சக்கரக் கார்க்காரர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். எந்த எல்.எஸ்.டி.யும் வேகமாகச் சுற்றுகிற சக்கரத்திலிருந்து விசையைப் பிடுங்கி மெதுவாகச் சுற்றுகிற சக்கரத்துக்குக் கொடுக்கும். உள்சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றும்போது விசை வெளிச்சக்கரத்துக்குப் போகிறது. வெளிப்பக்கம் பலமாக உந்துவதால் வண்டியின் மூக்கு கயிறு கட்டி இழுத்ததுபோல் வளைவுக்குள் வரும். இதற்குத்தான் காசு கொடுக்கிறோம். ஆனால் வழுக்கல் இல்லாத சாதாரணத் திருப்பத்தில் மெதுவாகச் சுற்றுவது எது? உள்சக்கரம். அப்போது பூட்டு இறுக்கமாக இருந்தால் விசை உள்சக்கரத்துக்குப் போய், மூக்கை வெளியே தள்ளும். ஸ்டியரிங் கனக்கும். சொசைட்டி வாசலில் காரை ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது டயர் தத்தித் தத்திக் குதிக்கும். ரேஸ் மைதானத்தில் அசுரத்தனமாக ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. தினமும் ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் ஊர்கிறவனுக்கு இது தண்டனை.

இதைவிட முக்கியமானது மழை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது ரோட்டைப் பிடித்துக்கொண்டு திசை காட்டும். பலமான பிளேட் வகையில் ஈர ரோட்டில் அளவுக்கு மீறி மிதித்தால் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக வழுக்கும். சுற்றுகிற டயர் திருப்பாது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேரே போகும். காட் ரோட்டில் நேரே என்றால் எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பராமரிப்பும் உண்டு. தகடு தேயும், ரேஸ்காரர்கள் அவ்வப்போது பிரித்து மாற்றுவார்கள். பின்சக்கர வண்டியில் டிஃபரன்ஷியல் தனியாக ஒரு குடத்தில் இருக்கும், தனி எண்ணெய். முன்சக்கர வண்டியில் அது கியர்பாக்ஸின் வயிற்றுக்குள்ளேயே இருப்பதால் இரண்டுக்கும் ஒரே எண்ணெய். தகடு கொரகொரவென்று சத்தம் போடாமல் இருக்க எண்ணெயில் வழுக்குமருந்து கலக்கச் சொல்வார்கள். ஆனால் கியர் மாற்றும்போது வேலை செய்கிற சிங்க்ரோ வளையங்களுக்கு உராய்வு வேண்டும். ஒன்றுக்கு அமுதம் மற்றதற்கு நஞ்சு. தகடு செய்த கம்பெனி எந்த எண்ணெய் சொல்கிறதோ அதைத் தவிர வேறு ஊற்றக் கூடாது.

இரண்டாவது வழி ஹெலிகல் வகை. தகடு இல்லை, ஸ்பிரிங் இல்லை, எல்லாமே பல்சக்கரம். 1958-ல் அமெரிக்காவில் வெர்னான் கிளீஸ்மன் பதிவு செய்த டார்சன் இந்தக் குடும்பத்துக்கு மூத்தவர். இங்கிலாந்தின் குவைஃப் கம்பெனி செய்வது முன்சக்கரக் கார்களில் அதிகம் புழங்குகிறது. கூட்டுக்குள் குழிகள் குடைந்து, சாய்ந்த பல் கொண்ட சிறு பல்சக்கரங்களை அச்சில்லாமல் மிதக்க விட்டிருப்பார்கள். முறுக்கு விசை வந்தால் சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளி, குழியின் சுவரில் அழுந்தும். அந்த உராய்வே பூட்டு. விசை அதிகமானால் பூட்டும் அதிகம். காலை எடுத்தால் பூட்டு போய்விடும். சொசைட்டி வாசலில் சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரியே சாதுவாக இருக்கும். சாதாரண கியர் எண்ணெய் போதும். தேய்வதற்குத் தகடு இல்லாததால் கியர்பாக்ஸ் உள்ள வரை இருக்கும்.

இதன் பலத்தை விகிதமாகச் சொல்வார்கள். 2.5-க்கு 1 என்றால் பலவீனமான சக்கரம் தாங்குகிற விசையைப் போல இரண்டரை மடங்கு வரை பலமான சக்கரத்துக்கு அனுப்பும். நம் கணக்கில் உள்சக்கரம் 120 தாங்குகிறது. இரண்டரை மடங்கு 300. மொத்தம் 420. முன்பு 240 கிடைத்த இடத்தில் 420. எஞ்சினில் ஒரு குதிரைசக்தி கூட்டாமல் வளைவின் வாயிலில் 75 சதவீதம் கூடுதல் இழுவை!

பிளேட் வகைக்காரர்கள் விகிதம் சொல்லாமல் சதவீதம் சொல்வார்கள். 25 சதவீதப் பூட்டு என்றால் 1.67-க்கு 1, 40 சதவீதம் என்றால் 2.33-க்கு 1, 50 சதவீதம் என்றால் 3-க்கு 1. நூறோடு சதவீதத்தைக் கூட்டி, நூறிலிருந்து அதே சதவீதத்தைக் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். இரண்டு விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட இது உதவும். ஐம்பது பெரிய எண், இரண்டரை சின்ன எண் என்று பிள்ளைகள் ஏமாற வேண்டாம்.

ஹெலிகலுக்கு ஒரே ஒரு பெரிய குறை. பூஜ்யத்தை இரண்டரையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். உள்சக்கரம் தரையை விட்டு முழுதாகத் தூக்கிவிட்டால் இது சாதாரண டிஃபரன்ஷியலாகிவிடும். முன்சக்கரக் கார் வேகமாகத் திரும்பும்போது வழக்கமாகத் தூக்குவது பின்பக்கத்து உள்சக்கரம். அதனால் நஷ்டம் இல்லை. ஆனால் முன்பக்கம் ஆன்ட்டி-ரோல் பாரை மிகவும் கனமாகப் போட்டவர்களும், மண் ரோட்டு ராலியில் குதித்துக் குதித்து ஓட்டுகிறவர்களும் முன்சக்கரத்தைத் தூக்குவார்கள். அவர்களுக்குப் பிளேட் வகைதான் சரி.

மூன்றாவது, விஸ்கஸ் வகை. தகடுகளுக்கு நடுவே கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். தொண்ணூறுகளில் ஃபியட் கூப்பே டர்போவில் இருந்தது. சக்கரம் வழுக்கிய பிறகுதான் எண்ணெய்க்கு உறைக்கும்; உறைப்பதற்குள் வளைவு முடிந்துவிடும். புதிதாக வாங்க நினைக்கிறவர்கள் இதை மறந்துவிடலாம்.

நாலாவது வழியில் டிஃபரன்ஷியலைத் தொடுவதே இல்லை. வழுக்குகிற உள்சக்கரத்தைக் கம்ப்யூட்டர் லேசாக பிரேக் பிடிக்கும். தராசுக் கோலின் நியாயப்படி அதே அளவு விசை வெளிச்சக்கரத்துக்குப் போகும். 2009 கோல்ஃப் ஜிடிஐ-யில் வந்த எக்ஸ்.டி.எஸ். இந்த ரகம். இ.எஸ்.பி. உள்ள இன்றைய கார்கள் பலவற்றில் இதன் ஏதாவது ஒரு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் வீல் ஸ்லிப் ரிலேயின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். தண்டச் செலவும் உண்டு. நம் கணக்கில் வெளிச்சக்கரத்துக்கு 300 போக வேண்டுமானால் உள்பக்கமும் 300 அனுப்பி, அதில் 180-ஐ பிரேக் எரித்துச் சூடாக்க வேண்டும். எஞ்சின் 600 கொடுத்து ரோடு 420 பெறுகிறது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடுகிற காருக்கு, எப்போதாவது ஒரு விநாடி, பரவாயில்லை. மைதானத்தில் இருபது நிமிடம் விடாமல் ஓட்டினால் முன்பக்க பிரேக் பேட் வெந்துபோகும்.

பெரிய கம்பெனிகள் என்ன செய்தன என்று பார்ப்பதும் நல்லது. ஹோண்டா 1997-ல் முதல் சிவிக் டைப்-ஆர் காரிலேயே ஹெலிகல் வைத்தது. அடுத்த தலைமுறையில் ஜப்பானில் விற்றதற்கு வைத்து, ஐரோப்பாவில் விற்றதற்கு வைக்காமல் விட்டது; ஒரே காரின் இரண்டு சுபாவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ரசிகர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. ஃபோர்டு 2002-ல் ஃபோகஸ் ஆர்.எஸ். காரில் குவைஃப் வைத்தபோது வேகம் கிடைத்தது, ஆனால் மேடுபள்ள ரோட்டில் ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது என்ற பேரும் கிடைத்தது. இரண்டு சக்கரத்துக்கும் வேறு வேறு விசை போனால் அந்த வித்தியாசம் ஸ்டியரிங்குக்கு வந்து சேரும். இடது வலது டிரைவ் ஷாஃப்டுகள் நீளம் வேறுபட்டால் இன்னும் மோசம். 2009-ல் வந்த அடுத்த ஃபோகஸ் ஆர்.எஸ். 300 குதிரைசக்திக்கு மேல் போனபோது, குவைஃபை வைத்துக்கொண்டே முன்பக்கத் தொங்கமைப்பை மாற்றினார்கள்: திரும்புகிற அச்சைச் சக்கரத்தின் மையத்துக்கு அருகில் கொண்டு வந்தார்கள். 2013-ல் ஃபோக்ஸ்வாகன், கோல்ஃப் ஜிடிஐ-யின் சக்தி கூடிய வடிவத்தில், கம்ப்யூட்டர் இறுக்குகிற தகடுக் கிளட்சைக் கொண்டு வந்தது. பிளேட்டின் பலமும் ஹெலிகலின் சாதுத்தனமும் அதில் சேர்ந்து கிடைக்கின்றன. ஆனால் அது காரோடு பிறக்க வேண்டியது. சாக்கனில் செய்த போலோவில் பிறகு கொண்டுபோய் மாட்டுகிற சாமான் இல்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு நேரே வருகிறேன். பையனிடம் தனியாகப் பேசினேன். "மாமா, மாசம் ஒரு தடவை தாம்ஹினி காட், வருஷத்துக்கு ரெண்டு தடவை கோயம்புத்தூர் டிராக், மத்த நாளெல்லாம் ஆபீஸ்" என்றான். ஒர்க்‌ஷாப்காரர் அவனுக்குச் சொன்னது டூ-வே பிளேட், கனமான பிரீலோட். இந்த உபயோகத்துக்கு அது தப்பான சாமான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

தாம்ஹினிக்காக எந்த எல்.எஸ்.டி.யும் தேவை இல்லை. எதிரே எஸ்.டி. பஸ் வருகிற பொது ரோட்டில் உள்சக்கரம் புகைய ஓட்டுகிறவனுக்கு வேண்டியது வேறு வைத்தியம். கோயம்புத்தூர் கதை வேறு. கரிவர்தன் பெயரில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே சிறிய மைதானம், வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் உள்சக்கரம் வழுக்கும். 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டை மைதானத்தைவிட அங்கே டிஃபரன்ஷியலின் பலன் அதிகம் தெரியும். மைதானத்துக்கு அடிக்கடி போவான் என்றால் ஹெலிகல். அதுவும் முதலில் இல்லை.

முதலில் டயர். நல்ல பிடிப்புள்ள டயர் நாலு போட்டால் நம் கணக்கில் 120-ம் கூடும் 300-ம் கூடும். பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும், மழையிலும் காப்பாற்றும். எல்.எஸ்.டி.யால் பிரேக் ஒரு அடிகூட முன்னால் நிற்காது. பிறகு வீல் அலைன்மென்ட், தொய்ந்த சஸ்பென்ஷன் புஷ்கள். இந்த மூன்றுக்கும் பிறகு, ஒரு முறை மைதானத்தில் ஓட்டிப் பார்த்து, உள்சக்கரம் இன்னும் சுற்றுகிறது என்றால் ஹெலிகல் வாங்கட்டும். நூற்றைம்பது குதிரைசக்தியில் அது அத்தியாவசியம் இல்லை. இருநூறுக்கு மேல் போகிறவர்கள்தான் இது இல்லாமல் கஷ்டப்படுவார்கள். தை மாதக் கல்யாணம் முடிகிற வரை காத்திருக்கக் கூடிய செலவு என்பது நண்பருக்கு என் பதில்.

வாங்குகிறபோது கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும். பல கார்களில் கிரௌன் வீல், கூட்டோடு ரிவெட் அடித்து வரும். அந்த ரிவெட்டைத் துளை போட்டு எடுத்து, புதிய கூட்டில் போல்ட் போட வேண்டும். போல்ட் முறுக்க டார்க் ரெஞ்ச், போல்ட்டுக்குப் பூட்டுப் பசை, இரண்டு பக்கமும் புது பேரிங். பேரிங்கின் இறுக்கத்தை மறுபடி அளந்து ஷிம் போட வேண்டும். பழைய ஷிம்மையே போட்டு மூடுகிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். புதுக் கூட்டின் அளவில் நூலிழை வித்தியாசம் இருந்தாலும், ஆயிரம் கிலோமீட்டரில் ஊளையிட ஆரம்பிக்கும். கம்பெனி வாரண்டி மிச்சம் இருந்தால் அது போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே எல்.எஸ்.டி. போட்டது என்று சொல்லிச் சிலர் பழைய காரை அதிக விலைக்கு விற்கிறார்கள். சோதிக்க வழி இருக்கிறது. இரண்டு முன்சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, எஞ்சினை நிறுத்தி, மேன்யுவல் வண்டியானால் முதல் கியரில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் லேசாகச் சுற்றினால் அது பிளேட் வகை இல்லை, அல்லது தகடு தேய்ந்து ஒன்றும் மிச்சம் இல்லை. அசையவே மறுத்தால் பிளேட், பிரீலோட் இன்னும் இருக்கிறது. ஹெலிகல் இந்தச் சோதனையில் சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரியேதான் சுற்றும். அதை வைத்து ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போக வேண்டாம். எண்ணெயை வடித்து ஒரு டிரைவ் ஷாஃப்டை உருவிவிட்டு அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவே குறுக்காக ஒரு தண்டு தெரிந்தால் கம்பெனியில் போட்ட பழைய டிஃபரன்ஷியல். தண்டு இல்லாமல் எதிர்ப்பக்கம் வரை வெறும் துவாரமாக இருந்தால் ஹெலிகல்.